ஏலக்காரரின் நாற்பது வினாடி

மொத்தக் காய்கறிச் சந்தையில் இருபத்தாறு வருஷம் ஏலம் விட்டவர் அவர். அதனால் தெருவிலும் சந்தையிலும் அவருக்கு ஏலக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. விடிந்ததும், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் ஏறி நின்றால் கடைசி லாரி வரைக்கும் குரல் எட்டும். ஆனால் சந்தைக்காரர்கள் அவருடைய குரலை விட வாயைத்தான் அதிகம் ரசித்தார்கள். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால், "அண்ணே, அந்த விலைக்குக் காம்புதான் வரும், காய் வராது" என்பார். கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் அடுத்த பெட்டி பாதி விலை ஏறியிருக்கும்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் தொண்டை கரகரத்தது. சளி என்று நினைத்து மூன்று மாதம் மிட்டாய் சப்பினார். பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி, மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூச்சு மூக்கு வழியாகப் போகவில்லை; கழுத்தில் போட்டிருந்த துளை வழியாகப் போய் வந்தது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். உதடு அசைந்ததோடு சரி.

மனைவி ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். நூற்று இருபது மெஷின் அவள் கைக்குள். வீட்டில் அவள் அதிகம் பேசியதில்லை. "ஒரே நேரத்துல ரெண்டு ரேடியோ எதுக்கு?" என்பாள். இப்போது இருந்த ஒரு ரேடியோவும் நின்றுபோனதால், அவளே பேச வேண்டியதாயிற்று. வேலையிலிருந்து வந்ததும் எந்த மெஷின் நூல் அறுத்தது, யார் ஊசியை வளைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் தலையை ஆட்டுவார். பாதியில் அவளுக்கே அலுத்துப்போகும். எதிர்ப்பேச்சு இல்லாமல் எவ்வளவு நேரம்தான் பேசுவது?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். போனிலோ கம்ப்யூட்டரிலோ டைப் அடித்தால் அதுவே வாய்விட்டுப் படிக்கும் ஒரு புரோகிராமை அவள் கொடுத்தாள். முதலில் போனில்தான் போட்டுக் கொடுத்தாள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு புற்றுநோய் மருந்து ஏற்றியதில் அவர் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. கண்ணாடியைத் தொட்டது தெரியாமல் ஒரே எழுத்தை ஏழு தடவை தட்டிவிடுவார். கீபோர்டு என்றால் கட்டை அமுங்குவது கைக்குத் தெரியும். சின்ன வயதில் டைப்ரைட்டிங் வேறு படித்திருந்தார்.

வீட்டுக் கம்ப்யூட்டர் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போயே ஐந்து வருஷமாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஷேவ் செய்து, குளித்து, துண்டோடு வந்து பார்த்தால் அப்போதுதான் திரையில் படம் வந்திருக்கும். புரோகிராம் அதில் ஓடத்தான் ஓடியது. ஆனால் ஒரு வரி டைப் அடித்து பட்டனை அமுக்கினால் உள்ளே கரகரவென்று என்னமோ அரைக்கும். நாற்பது வினாடி கழித்துத்தான் குரல் வரும். அதுவும் பெண் குரல், செய்தி வாசிப்பது போல.

"நல்லா இருக்குங்க. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒருத்தி வந்துட்டா" என்றாள் மனைவி.

அவர் பதில் டைப் அடித்தார். அது வெளியே வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அவள் ஓடிவிட்டாள். காலி அறையைப் பார்த்து அந்தப் பெண் குரல், "பொறாமையா?" என்று கேட்டது.

இப்படியே ஒரு மாதம் ஓட்டினார்கள். ஒரு புதன்கிழமை மாலை மனைவியின் தம்பி வந்தான். புதிதாக வாங்கிய பழைய ஸ்கூட்டர் மேட்டில் ஏற மறுக்கிறது என்று புலம்பினான். ஏலக்காரர் முகம் மலர்ந்தது. பழைய சுறுசுறுப்போடு கட்டைகளைத் தட்டி, பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே அரைத்தது. அதற்குள் தம்பியின் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"என் கூட வேலை பாக்கறவன் இருக்கான்ல மாமா, அவனோட அப்பா போன வாரம் தவறிட்டார். ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆனா தெரு முனைலயே நின்னுடுச்சு. ஸ்ட்ரெச்சர்ல வெச்சு நாங்களேதான்..."

"தள்ளுறதுக்கு ஆள் வேணும்னா சொல்லு, நான் வரேன்" என்றது கம்ப்யூட்டர், கணீரென்று.

தம்பி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். ஸ்கூட்டருக்குச் சொன்னது என்று அவர் கையை ஆட்டிக் காட்டினார், சாவி திருகுவது போல, வண்டி தள்ளுவது போல. தள்ளுவது போலக் காட்டியது இன்னும் விபரீதமாகப் போயிற்று. தம்பி, "பரவாயில்ல மாமா" என்று முனகிவிட்டு எழுந்து போனான்.

ஏலக்காரர் ஸ்விட்சை அணைத்தார். ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் போர்த்தினார். பதினேழு நாள் அதைத் தொடவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பதினெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மனைவி அந்த விரிப்பை உருவி மடித்து வைத்தாள். தன் வேலைப் பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"என்னங்க, கொஞ்ச நேரம் மாடிப்படில போய் உக்காருங்க. தூசி பறக்கும், கழுத்துக்குள்ள போயிடும்."

அவர் கையை விரித்து, எதற்கு என்றார்.

"மெஷின் மெதுவா ஓடுதுன்னா ஓரமா வெச்சுப் போர்த்துவாங்களா? திறந்து பாப்பாங்க. போங்க."

பக்கத்துத் தகட்டைக் கழற்றியவள் அப்படியே திகைத்துப்போனாள். விசிறி இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிற மெத்தை. கிள்ளி எடுத்துப் பார்த்தாள். அவள் தொழிற்சாலைப் பஞ்சு. தினமும் சேலையிலும் தலைமுடியிலும் ஒட்டி வந்ததைப் பல வருஷமாக அந்த விசிறி உறிஞ்சி உறிஞ்சி உள்ளே சேர்த்து வைத்திருந்தது. காற்றே போகாத இடத்தில் இயந்திரம் சூடாகிச் சூடாகித் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, அறையைப் பெருக்கி ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அவரை உள்ளே விட்டாள். கைப்பிடி அளவு பஞ்சுருண்டையைக் காட்டி, "இது என் தப்புங்க" என்றாள்.

அவர் அதை வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிக் காட்டினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். தொழிற்சாலையில் கம்ப்யூட்டரில் வெட்டு அளவு போடும் பெண்ணிடம் மனைவி கேட்டு வந்திருந்தாள். ஸ்விட்ச் போட்டதுமே என்னென்ன புரோகிராம் தானாக எழுந்து ஓடுகிறது என்று பார்க்க ஒரு பட்டியல் உண்டாம். திறந்தால் பத்தொன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டருக்கு ஒன்று. மகள் பாட்டு இறக்கியதற்கு ஒன்று. வைரஸ் பிடிக்க இரண்டு. அவை வைரஸை விட்டுவிட்டு ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தன. ஏலக்காரர் நோட்டில் எழுதிக் காட்டினார்: "சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து குந்திட்ட தரகனுங்க. வாங்கவும் மாட்டான், வழியும் விட மாட்டான்." ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்ததை மட்டும் நிறுத்தினார்கள். தெரியாததைத் தொடவில்லை.

அடுத்து டிஸ்க். கழுத்து வரை நிரம்பியிருந்தது. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"ஏம்மா, இதுல 'கடைசி'ன்னு ஒண்ணு இருக்கு, 'நிஜமா கடைசி'ன்னு ஒண்ணு, 'இதுதான் கடைசி சாமி'ன்னு ஒண்ணு. இதெல்லாம் என்ன?"

"ஐயோ, அது என் ப்ராஜெக்ட்மா! எல்லாத்தையும் அழிச்சிடுங்க. போட்டோ மட்டும் வேணும். அப்பா பக்கத்துல இருக்காரா?"

அவர் மேஜையை இரண்டு தடவை தட்டினார். ஆமாம் என்று அர்த்தம்.

"அப்பா, சீக்கிரம் பேசுங்கப்பா" என்றாள் மகள்.

மாலைக்குள் நாற்பது வினாடி பதினெட்டானது. மனைவிக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். அவர் மட்டும் நோட்டில் எழுதினார்: "பதினெட்டு வினாடில மூணு பெட்டி கை மாறிடும்."

அவளுக்கு அது புரிந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் மாடல் நம்பரைப் பார்த்துவிட்டு, "இதைப் போயி ரிப்பேர் பண்ணிக்கிட்டு... புதுசு வாங்கிடுங்கம்மா" என்றார்.

"அண்ணே, எங்க ஃபேக்டரில இருபது வருஷத்து மெஷின் இன்னிக்கும் காலர் தைக்குது. எது தேஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மாட்டறதை நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். உள்ளே இருப்பது சுத்துகிற டிஸ்க். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முள் ஓடி ஓடித் தேட வேண்டும். அந்தக் கரகர சத்தம் அதுதான். அதற்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் சுத்துகிற வேலையே கிடையாது. அதோடு ராம் என்கிற நினைவகத் தகடு ஒன்று கூடப் போட வேண்டும். இப்போது இருப்பது ஒரு புரோகிராமுக்கே பத்தாது. "பெட்டியைக் கொண்டாந்து ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார்.

"அது எங்க வீட்டுக்காரரோட வாய் அண்ணே. ரெண்டு நாள் எப்படி விட்டுட்டுப் போறது?"

விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் புது டிஸ்க்கை எடுத்து வைத்தார். செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அதே வகை ராம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு ஏற்றும் வயரையும் இரவல் தந்து, செய்ய வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு காலை மாற்றினார்கள். ஏற்றவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. புது டிஸ்க்கைப் பொருத்தி, ராமைச் செருகி, ஸ்விட்சைப் போட்டாள். பீப், பீப், பீப். திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் மூன்று பீப்.

ஏலக்காரர் நோட்டை எடுத்தார். "விடு. இருந்ததே போதும்."

"சும்மா இருங்க. ஊசி மாத்தின உடனே எந்த மெஷின் ஒழுங்கா தைச்சிருக்கு?" வயரைப் பிடுங்கிவிட்டு ராமை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தங்க நிறப் பற்களின்மேல் லேசாகக் கறை. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஊதாமல் துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி வைத்தாள். ஸ்விட்சைப் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பீப் இல்லை, அரைக்கும் சத்தமும் இல்லை. அவள் இருபது எண்ணுவதற்குள் திரை முழுசாக வந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் பசிக்குது" என்றது அந்தப் பெண் குரல்.

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான்."

அவள் ஒரு கணம் திகைத்தாள். கேட்டதற்குப் பதில், அதுவும் கேட்ட உடனே! "இருங்க, கையெல்லாம் அழுக்கு. கழுவிட்டு வந்து சமைக்கறேன்."

"கழுவ வேண்டாம். அப்படியாவது ஒரு ருசி வரட்டும்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை ஓங்கியவள், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்க மாட்டேன் என்றது. அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு எதையும் டைப் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே மச்சானை வரவழைத்து ஸ்கூட்டர் விவகாரத்தைச் சொன்னார். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்ப நிஜமாவே தள்ள வாங்க மாமா, கீழதான் நிக்குது" என்றான். அடிக்கடி சொல்வதை ஓரெழுத்துக்கு ஒரு வாக்கியமாகக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கவும் கற்றுக்கொண்டார். 'வ' தட்டினால் "வாங்க, உக்காருங்க." 'ம' தட்டினால் "மெதுவா கேளுங்க, நான் எங்கேயும் ஓடல."

இரண்டு மாதம் கழித்து பேச்சுப் பயிற்சிப் பெண் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தாள். அந்த அம்மா ரயில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்ப்பவர். அதே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாக நாள் குறிக்க மாட்டேன் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, கம்மிப்போன குரலில் கேட்டார்.

"போன் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எடுப்பேன். கிரெடிட் கார்டு வேணுமான்னு கேக்கற பொண்ணும் இந்தப் பொண்ணும் நல்லாப் பேசிக்கறாங்க."

அந்த அம்மாவின் கணவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அம்மாவும்.

"சாப்பாடு ருசிக்குமா?"

"வாசனை குறையும். சூடா இருந்தா கொஞ்சம் தெரியும். பொய் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"ரொம்ப" என்று உடனே பதில் வந்தது. கட்டைகள் மறுபடி தட்டின. "இப்பவும் சில நாள் இருக்கு. ஆனா அதை இவகிட்ட சொல்ல முடியுது."

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "வியாழக்கிழமை போய் டாக்டர்கிட்ட தேதி கேட்டுடுவோம்."

வாசல்வரை போனவர்களை ஏலக்காரரின் மனைவி நிறுத்தினாள். "உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?"

"இருக்கு, ஒன்பது வருஷமாச்சு. ஆமை மாதிரி ஊரும். மாத்தணும்."

"மாத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல நான் வந்து திறந்து பாக்கறேன். தூசி பறக்கும், உங்க தொண்டைக்கு ஆகாது. அன்னிக்கு நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய உக்காந்துக்கணும்."