நாலாம் வகுப்பு அலமாரியிலிருந்து ஐந்து புத்தகங்கள்

இந்த மாதம் வாசித்தவை ஐந்து. எல்லாமே சிறுவர் கதைகள்.

பொழியூரில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனபின், பள்ளிக்கூட முகாமில் நாலாம் வகுப்பறைதான் எங்களுக்கு. என் புத்தகங்களும் கடலோடு போய்விட்டதால், வகுப்பு அலமாரியில் இருந்ததை வாசித்தேன்.

இன்று கடைசிக் கதையின் நடுவில் இருந்தபோது அம்மா வந்தாள்.

"மக்கா, பொஸ்தவத்த வச்சிட்டு துணியக் கட்டு. திங்கக்கிழம ஸ்கூல் திறக்குமாம். நாம ரூம ஒழிஞ்சு குடுக்கணும்."

"எங்கம்மா போறது?"

"அது தெரிஞ்சா உன்னட்ட சொல்லமாட்டனா? டிகிரி படிச்சது நீயாக்கும். நீ சொல்லு."

கதையை முடித்து அலமாரியில் வைத்தேன்.

காட்டில் தொலைந்த யானைக்குட்டி முதல் கோழிக்குஞ்சு வரை, ஐந்திலும் எல்லாரும் கடைசியில் வீடு சேர்ந்துவிடுகிறார்கள்.

திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லும் புத்தகம் இருந்தால், பெயரைக் கீழே எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் வாசிக்க வேண்டும்.