மந்தைக்கல்லை இழுத்த ஜோடி

எங்கள் ஊர் மாடு வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன். அவரிடம் ஒரு மாடுகூடக் கிடையாது. இருந்ததையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். சாணி நாற்றம் ஆகாத ஆளுக்கு மாட்டுச் சங்கத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கோ, தலைவர் என் அண்ணனாயிற்றே என்ற பெருமை.

கும்மிடிப்பூண்டிக்குக் கிட்டே எங்கள் ஊர். ஊருக்கு வடக்கே மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடு மொத்தமும் அதில்தான் மேயும். அதன் நடுவில் நின்றது மந்தைக்கல். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு எந்தக் காலத்திலோ நட்ட கல். கையில் வில், காலடியில் ஒரு பசு, மேலே எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. எந்த வீட்டில் மாடு கன்று போட்டாலும் சீம்பாலில் முதல் சொம்பு கல்லுக்குத்தான். செத்தவன் எங்கள் வம்சம் என்று ஊரில் பேச்சு. அதனால் கல்லை நிமிர்த்துவதென்றாலும் எங்கள் வீட்டு மாட்டைத்தான் பூட்ட வேண்டும். வேறு வீட்டு மாடு இழுத்தால் மந்தைக்குக் கோமாரி வரும் என்பார்கள்.

எனக்கு நிலம் கிடையாது. வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். நாலு கறவை, ஒரு ஜோடி எருது. புறம்போக்கில் புல் இருந்தால் என் வீட்டில் சோறு, அவ்வளவுதான்.

எழுபதுகளின் ஆரம்பம். தொழிற்பேட்டை வருகிறது என்று டீக்கடையெல்லாம் பேச்சு. அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து தொல்பொருள் இலாகாக்காரர் ஒருத்தர் வந்து, கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை தட்டி, எழுத்தைப் படியெடுத்துக்கொண்டு போனார். அண்ணன்தான் அவர் கூடவே இருந்தார். மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டுவிட்டும் வந்தார். அடுத்த வாரமே சங்கத்தைக் கூட்டினார்.

"மாடுங்கோ ஒரசி ஒரசி எழுத்தெல்லாம் தேஞ்சி போவுது. மழ பேஞ்சா பாதி கல்லு சேத்துல கீது. ரோட்டாண்ட கொண்ணாந்து மண்டபம் கட்டி வெச்சா, பெரியபாளையம் போற பஸ்ஸெல்லாம் நின்னு கும்ட்டுட்டுப் போவும். நம்ம ஊருக்கும் ஒரு பேரு வரட்டுமே!"

எல்லோரும் தலையாட்டினோம். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உன் ஜோடியத்தாம்மா பூட்டணும். நம்ம ஊட்டு மாடு வேற எங்க கீது?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாலியறுத்தவள் என்று நல்ல காரியத்தில் ஒதுக்கி வைத்திருந்தவளைச் சபையில் கூப்பிடுகிறாரே என்று அழுதே விட்டேன். எருதுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். கல் லேசில் கிளம்பவில்லை. ஜோடியில் செவலை முட்டி போட்டு எழுந்து மறுபடி இழுத்தது. ஊரே குலவை போட்டது.

மண்டபத்துக்குத் தூண் எழும்புவதற்குள் புறம்போக்கைச் சுற்றி முள்கம்பி வந்துவிட்டது. உள்ளே லாரி லாரியாக மண் கொட்டினார்கள். மண் அடிக்கிற காண்ட்ராக்ட் அண்ணனுக்கு. "கவர்மெண்டு எடுத்துக்கினா நான் இன்னாம்மா பண்றது?" என்றார். அப்போதும் நம்பினேன். என்னைப்போல ஒரு ஏமாளியை அவர் வேறெங்கே தேடுவார்?

அந்த மெட்ராஸ்காரர் மறுபடி வந்தார். பாதி கட்டிய மண்டபத்தில் கல்லைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பக்கமாகப் புல்லுக்கட்டோடு வந்த என்னிடம்தான் கேட்டார். "இதை யாரும்மா நகர்த்தினது?"

நாங்களேதான் என்றேன்.

"இடம் மாறாம நின்னிருந்தா பழங்காலச் சின்னம்னு அந்த நிலத்தையும் சேர்த்துக் காப்பாத்தியிருக்கலாமேம்மா! அதுக்குத்தானே அலைஞ்சேன். யாரும் அசைக்கக் கூடாதுன்னு உங்க தலைவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனே!"

புல்லுக்கட்டு தலையில் இருந்தபடியே நின்றேன். அடுத்தவன் ஏமாற்றினால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போகலாம். என் வாயில் மண்ணைப் போட என் மாட்டையே பூட்ட வைத்திருக்கிறார் என் அண்ணன். குலத்தைக் கெடுக்கும் கோடாலிக்காம்பு என்று பழமொழிதான் கேட்டிருந்தேன். அந்தக் காம்பைத்தான் அண்ணன் என்று பெருமை பேசியிருக்கிறேன்.

வைக்கோல் விலைக்கு வாங்கி யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஊரில் மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. நானும் எருதுகளையும் மூன்று கறவைகளையும் விற்றேன். செவலையைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் வெளியே வரவில்லை. மிஞ்சிய ஒரே பசுவை வாய்க்கால் ஓரத்துப் புல்லை அறுத்துப் போட்டுக் காப்பாற்றினேன்.

அது கன்று போட்ட மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். அன்றைக்குத்தான் மண்டபத் திறப்பு விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். சீம்பால் ஊற்றாமல் எப்படித் திறப்பது? ஊரில் வேறு யார் வீட்டிலும் கன்று போட்ட மாடு இல்லை. மாடு வளர்ப்போர் சங்கத் தலைவர் கையில் வெள்ளிச் சொம்போடு என் கொட்டகையில் நின்றார்.

"ஒரே ஒரு சொம்பும்மா. நம்ம வம்சத்து சாமிக்குத்தான?"

நான் கன்றை அவிழ்த்துவிட்டேன். அது நாலு காம்பையும் முட்டி முட்டிக் குடித்தது. அண்ணன் சொம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். மடி வற்றியதும் கன்றைப் பிடித்துக் கட்டினேன்.

"புல்லு இருந்த எடத்துல சாமி இருந்திச்சி, பாலு ஊத்தனோம். நீ வெச்ச எடத்துல புல்லு ஏதுண்ணா?"

விழாவில் மெட்ராஸிலிருந்து வந்த பாட்டில் பாலை ஊற்றினார்களாம். நான் போகவில்லை. அவரை நான் கடைசியாக அண்ணா என்று கூப்பிட்டது அந்தக் கொட்டகையில்தான்.