மூடி போட மனம் வராத எவரிஸ்தோ

எங்கள் சந்தில் ஐந்து வீடு. ஐந்துக்கும் சேர்த்து, பாட்டிலுக்கு மூடி அடிக்கும் எந்திரம் ஒன்றுதான். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ அறுவடை முடிந்து, நாங்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு சாக்குப் பூ கொடுத்து அனுப்பியதும், வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சிப் பீப்பாயில் நொதிக்க விடுவோம். யாருடையது முதலில் பக்குவமாகிறதோ அந்த வீட்டுக்கு எந்திரம் போகும். அன்றைக்குச் சந்தே அங்கேதான் கிடக்கும். ஒருவர் பாட்டில் கழுவ, ஒருவர் ஊற்ற, ஒருவர் மூடி அடிக்க, வீட்டுக்காரி எண்ணெயில் ரொட்டி பொரித்துப் பொரித்துப் போடுவாள். மறுநாள் எந்திரம் அடுத்த வீட்டுக்கு நகரும்.

அந்த இலையுதிர்காலத்தில் எந்திரம் எவரிஸ்தோ கூரின் வீட்டுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எவரிஸ்தோ தோட்டத்தில் பூ உலர்த்தும் சூளையைப் பார்த்துக்கொள்பவர். ஒரு கைப்பிடி பூவை எடுத்துக் கசக்குவார், முகர்வார், "இறக்கு" என்பார். யோசித்து நின்று யாரும் பார்த்ததில்லை. குதிரை வாங்குவதானாலும் சீட்டில் துருப்பு இறக்குவதானாலும் சட்டுப்புட்டென்று முடிவெடுக்கிற ஆள். செலிந்தாவை ஒரு நடன விருந்தில் பார்த்துவிட்டு மறுநாளே பெண் கேட்டுப் போனவர். அவள் அன்று ஆடவில்லை, அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் எல் போல்சோன் பக்கத்தில் கல்யாணமோ, கன்றுகளுக்குச் சூடு போடும் நாளோ, செலிந்தா வாசிக்காமல் நடக்காது.

அந்தச் சட்டுப்புட்டுதான் அவள் கையைக் கெடுத்தது. ஒரு வருஷம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. பீப்பாய்க் குழாயில் குமிழ் நின்றதைப் பார்த்தவர், நொதித்து முடிந்தது என்று பாட்டிலில் அடைத்துவிட்டார். முடியவில்லை. குளிரில் ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டில்களை விறகடுப்புக்குப் பின்னால் வேறு அடுக்கினார். சூட்டில் அது விழித்து, மிச்சமிருந்த சர்க்கரையைத் தின்று, உள்ளே காற்றை அடைத்தது. முதல் பாட்டில் வெடித்தபோது செலிந்தா விறகு வைக்கக் குனிந்திருந்தாள். அவள் வலது கையில் இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. அக்கார்டியனைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் எவரிஸ்தோ வருஷம் தவறாமல் காய்ச்சினார். அடைக்க மட்டும் மாட்டார். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்ணாடி மிதவை ஒன்று வாங்கிவந்தார். அது சில நாள் தொடர்ந்து ஒரே கோட்டில் நின்றால் அடைக்கலாம் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது போதவில்லை. தினமும் பீப்பாயைத் திறப்பார், மொள்ளுவார், மிதவையைப் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். திறந்து திறந்தே பீர் புளித்துப்போகும். கடைசியில் பன்றித் தொட்டியில் கொட்டுவார். ஊரிலேயே சந்தோஷமான பிராணிகள் எவரிஸ்தோவின் பன்றிகள்தான் என்று நான் சொல்லப்போக, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பரவிவிட்டது.

எந்திரம் போய் உட்கார்ந்த அந்த வருஷம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருடைய மிதவை ஒரே கோட்டில் நின்றது. செலிந்தாவே வந்து எந்திரத்தை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிப் போனாள். காலிப் பாட்டில் கூடைகளோடு போனோம். "இன்னும் ஆகல" என்று எவரிஸ்தோ வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்குள் என் வீட்டுப் பீர் தயாராகிவிட்டது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. நேரே போய்க் கேட்டேன்.

"எவரிஸ்தோ அண்ணே, எந்திரத்தக் குடுங்க."

"நாளைக்கே அடைச்சாலும் அடைப்பேன், தெல்பினா."

"இதத்தான் போன வாரமும் சொன்னீங்க. மிதவ என்ன சொல்லுது?"

"அதே கோடுதான். குளிர்ல தூங்குதோ என்னமோ."

"அடுப்புகிட்ட வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்பவும் அதே கோடு."

"அப்புறம் என்னண்ணே? சர்க்கரையே இல்லாத பீரு எப்பிடி வெடிக்கும்? நீங்க உள்ள போய் ஊதுனாத்தான் உண்டு!"

அவர் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து செலிந்தா வந்தாள்.

"எந்திரத்த அவகிட்டக் குடுத்துடு, கெழவா. நீ அடைக்கப் போறதில்ல."

"அடைப்பேன் கெழவி. இன்னும் கொஞ்சம் பாத்துட்டு..."

"என்னத்தப் பாக்கணும் இன்னும்?"

"ஒன் கையத்தான் பாக்குறேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "அதப் பாக்குறப்பல்லாம் எடுத்த மூடியக் கீழ வெச்சுடுறேன். ஒரு தடவ அவசரப்பட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

இத்தனை வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் இளகிவிடவில்லை.

"கண்ணாடி என்கிட்டேருந்து எடுத்தது ரெண்டு வெரலு. இந்த வீட்டுக்கு ஆளு வர்றத நிறுத்துனது நீ. ரெண்டு ஞாயித்துக்கெழமையும் மாவு பெசஞ்சு வெச்சு, கோழிக்குப் போட்டேன். என்னால வாசிக்கத்தான் முடியாது. நாலு சனத்தோட ஒக்காந்து சிரிக்கவும் கூடாதா?"

எவரிஸ்தோ பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. அவர்மேல் இருந்த எரிச்சலும் போகவில்லை.

அந்த ஞாயிறு அடைத்தோம். செலிந்தா வேறு யாரையும் எந்திரத்தின் பக்கம் விடவில்லை. எவரிஸ்தோ ஆட்டுத்தோல் கோட்டைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு அவளுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் நின்றார். "தள்ளு கெழவா, மூடி எங்க இருக்குன்னே தெரியல!" என்று அவள் கத்தியும் நகரவில்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரொட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாட்டில்களை மட்டும் வீட்டுக்குள் வைக்க விடாமல், கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய்க் கம்பளி போட்டு மூடினார்.

குளிர்காலம் பிறந்ததும், ஆட்டுக்கறி சுட்டு, முதல் பாட்டிலைத் திறக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். செலிந்தா திறந்தாள். எவரிஸ்தோ கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. கிளாஸில் ஊற்றினால் நுரையும் இல்லை. நுரைக்கென்று பாட்டிலுக்குத் துளிச் சர்க்கரை போட்டுத்தான் அடைத்திருந்தோம், ஆனால் அத்தனை நாள் பீப்பாயில் காக்கவைத்ததில் ஈஸ்ட் அதைத் தின்னக்கூட முடியாமல் சோர்ந்துபோயிருந்தது. ஆறிய டீபோல இருந்ததை நாங்கள் மரியாதையாகக் குடித்தோம். பன்றிகளைப் பற்றி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது, கறியைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

எவரிஸ்தோ எங்கள் யாரையும் பார்க்கவில்லை. செலிந்தாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாதி கிளாஸ் குடித்து வாயைத் துடைத்தாள்.

"அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே அடைச்சுடு, கெழவா."

"முன்னாடியேவா?"

"ஆமா, முன்னாடியேதான்," என்று சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினாள்.