குடைக்குள் ஒரு மாமனார்

நேற்று மழைக்கு இங்கே ரங்கூனில், தாமுவே பேட்டை டீக்கடை ஒன்றில் ஒதுங்கினேன். டிவியில் எந்த நாட்டிலோ நடக்கும் கால்பந்து. பையன்கள் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஈரச் சட்டையும் வறுத்த சூரியகாந்தி விதையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் அறுபதுகளுக்குப் போய்விட்டேன். டீ ஆறிப்போனது.

அன்றைய ரங்கூனுக்குப் பந்துப் பைத்தியம். சனி, ஞாயிறு என்றால் நானும் சூசையும் கோ மியாவும் ஸ்டேடியத்தில்தான். மூவருமே துறைமுகத்தில் கிளார்க்குகள். சூசை மிஷன் பள்ளிக்காரன். ஆங்கிலத்தில் எழுதுவான், தமிழில் சண்டை போடுவான், பர்மிய மொழியில் மன்னிப்புக் கேட்பான். கோ மியா பர்மியன். கெட்ட வார்த்தையில் தொடங்கி எங்களிடம் தமிழ் கற்றவன். எனக்கு ஆட்டத்தின் விதிகள் பாதிதான் தெரியும். கத்துவதில் மட்டும் குறை வைத்ததில்லை.

ஒரு ஞாயிறு மாலை லத்தா பேட்டையில் சூசைக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. தாய்மாமன் பேசிய சம்பந்தம், போட்டோகூடக் கைமாறவில்லை. "கப்பல் வேலை இருக்கும்மா, நேரா அங்க வந்துர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எங்களோடு வந்துவிட்டான். பாதி ஆட்டம் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

மழை பிடித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் பெரிய கறுப்புக் குடையை விரித்தார். மைதானமே மறைந்துபோயிற்று.

"பெரியவரே, குடைய மடக்குங்க!" என்றான் சூசை.

"நனைஞ்சா உங்கப்பனா சட்டை குடுப்பான்?"

"பந்து பாக்க வந்தீங்களா, படுக்க வந்தீங்களா?"

வாய்ச்சண்டை கைச்சண்டையாகும் நேரத்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. பெரியவர் குடையைப் போட்டுவிட்டுத் திரும்பி சூசையைக் கட்டிக்கொண்டார். இதுதான் ஸ்டேடியம், உங்களுக்குத் தெரியாததா?

இடைவேளையில் எங்களுக்கு விதை வாங்கித் தந்தார். "நான் கெளம்பணும் தம்பி. வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க. பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

"எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்டேன்.

"லத்தா. மாப்பிள்ளை ஏதோ போர்ட்டுல கிளார்க்காம்."

சூசையின் வாயில் போன விதை அங்கேயே நின்றது. நான் வானத்தைப் பார்த்தேன். கோ மியாவுக்குத்தான் இந்த நாசூக்கெல்லாம் கிடையாதே. "அங்கிள், இந்த ஆளும் போர்ட்டு! இன்னிக்கு லத்தால பொண்ணு பாக்குது!" என்றான் சந்தோஷமாக.

பெரியவர் சூசையை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். சூசை எழுந்து நின்றான். "மன்னிச்சுக்குங்க" என்று பர்மிய மொழியில் சொன்னான்.

இந்தக் கல்யாணம் இதோடு சரி என்றே நினைத்தேன். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

"உக்காருய்யா, மறைக்குது" என்று அவனைக் குடைக்குள் இழுத்துக்கொண்டார் அவர்.

ஆட்டம் முடிந்து சேற்றோடு லத்தாவுக்கு நடந்தோம். வழியெல்லாம் பெரியவர் பொய் தயாரித்தார்: கப்பல் வேலை முடித்து வந்த சூசையை மாதா கோயில் வாசலில் சந்தித்தாராம், மழைக்கு இருவரும் அங்கேயே நின்றார்களாம். கூடத்தில் அவர் மனைவியும் சூசையின் அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொய்யைச் சொல்லி முடித்தார். நம்புவதுபோலத்தான் இருந்தது. அப்போது காப்பித் தட்டோடு பிலோமினா வந்தாள். முழங்கால்வரை சேறாய் நின்ற இருவரையும் பார்த்தாள்.

"யாருப்பா ஜெயிச்சது?"

"நாமதான்! ரெண்டுக்கு ஒண்ணு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

முதலில் சிரித்தது பிலோமினாதான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பிறகு அவளும் எங்களோடு ஸ்டேடியத்துக்கு வந்தாள். எங்கள் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்.

சில வருஷங்களில் காலம் மாறியது. பட்டாள ஆட்சி வந்து கடைகளை எடுத்துக்கொண்டது, வேலைகளும் போயின. நம்மவர்கள் கூட்டங்கூட்டமாய் மதராஸுக்குக் கப்பலேறினார்கள். சூசை, பிலோமினா, பெரியவர், எல்லோரும் போனார்கள். நான் ஏனோ தங்கிவிட்டேன்.

அவர்கள் கப்பலேறிய அடுத்த ஞாயிறு நானும் கோ மியாவும் ஆட்டத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். எங்கள் அணி கோல் போட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து தமிழில் கத்தினேன். சுற்றிலும் திரும்பிப் பார்த்தார்கள். கோ மியா ஒருவன்தான் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் கூடவே கத்தினான். அத்தனையும் கெட்ட வார்த்தை.