மேகமில்லாத எண்ணூர்

போன திங்கட்கிழமை ஒரு மனுவைக் கெடுத்துவிட்டு வந்தேன். என்னுடைய மனு என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தேசம்மா அக்காவுடையது.

அக்காவுக்கு எண்ணூர் கடலோரத்தில் கருவாட்டு வியாபாரம். காலையில் நெத்திலியைத் தார்ப்பாயில் பரப்புவார். மத்தியானத்துக்குள் பக்கத்து ஆலைப் புகை அதன்மேல் படிந்துவிடும். தட்டினால் போகாது. கழுவினால் கருவாடு கெட்டுப்போகும். மாத்தூரில் வருஷக்கணக்காக வாங்கியவர்கள்கூட, "இன்னாம்மா, அடுப்புல வுட்டுட்டியா?" என்று திருப்பிவிடுகிறார்களாம். இது போனால் அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

புகையை நிறுத்தச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தார். மூன்று முறையும் ஒரே கேள்வி... "ஆதாரம் இருக்கா?" கருவாட்டையே கூடையோடு கொண்டுபோய்க் காட்டினார். நாற்றம் தாங்காமல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது மனு முடியாமல் கிடந்தபோதுதான் நான் மூக்கை நுழைத்தேன். பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே!

"அக்கா, மேல சேட்டிலைட் இருக்கு. அது பொய் சொல்லாது" என்றேன்.

கம்ப்யூட்டரில் பூமி உருண்டையைச் சுழற்றி, எண்ணூரைப் பெரிதாக்கி, கலர் பிரின்ட் எடுத்து, லேமினேட்டும் செய்தேன். ஆலை தெரிகிறது, அதை ஒட்டிக் குப்பம் தெரிகிறது — வேறென்ன வேண்டும்?

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் அதை நீட்டினேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சிம்னி இருக்கு சார். புகை எங்க?"

குனிந்து பார்த்தேன். இல்லை. பொட்டு மேகம்கூட இல்லை. கடல் நீலமாக இருக்கிறது, மணல் பளிச்சென்று இருக்கிறது. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டா இந்த அம்மா குறை சொல்கிறார் என்று எனக்கே தோன்றியது.

மனுவை முடித்து வைத்தார். படத்தை மட்டும் பத்திரமாக ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். பழைய சிநேகிதி. சேட்டிலைட் படங்களை ஒட்டி உலகப் படம் தயாரிக்கிற கம்பெனியில் வேலை.

"முழு பூமியையும் ஒரே கிளிக்ல எடுத்த படம் இல்லப்பா அது. சேட்டிலைட் சுத்திக்கிட்டே பட்டை பட்டையா எடுக்கும். ஒரே இடத்தைப் பல நாள் எடுக்கும். அதுல தரை தெளிவா தெரியற நாளாப் பொறுக்கி ஒட்டுவோம்."

"அப்ப புகை?"

"தரையை மறைச்சா மேகமோ புகையோ, மெஷின் தூக்கிடும். ரோடு தேடறவங்களுக்குப் புகை எதுக்கு? ஒவ்வொரு நாள் எடுத்ததும் தனித்தனியா இருக்கு. முன்னாடியே கேட்டிருந்தா தேடிக் கொடுத்திருப்பேனே..."

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி நாலாவது மனு, மறுபடி அதே வரிசை, அதே பெஞ்சு. நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. எனக்கே இப்படி என்றால் அக்காவுக்கு?

யோசித்துப் பார்த்தால் யாரும் பொய் சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்தில் பந்தியில் நடந்த சண்டையை யார் ஒட்டுகிறார்கள்? நல்லதைப் பொறுக்குகிறோம், அவ்வளவுதான். பொறுக்கியது போக மீதி நாட்களில்தான் தேசம்மா அக்கா மாதிரி ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்போ, பொகையே இல்லாத நாளுன்னு ஒண்ணு இருந்துகீது?"

"இருந்திருக்குக்கா. எப்பவோ ஒரு நாள்."

கை நின்றது.

"பொறந்ததுலேந்து இங்கியேதான் கீறேன் நைனா. அன்னிக்கி மட்டும் நான் எங்க போயிருந்தேன்?"