ஏலத்தில் போன விளக்கு

பருத்தித்துறையில் தயாநிதியின் தொண்டைக்குத் தனி மரியாதை இருந்தது. மெதடிஸ்த கோயிலில் அறுவடைத் திருநாள் வந்தால் பூசணிக்காயும் வாழைக்குலையும் முருங்கைக்காய்க் கட்டும் பீடத்தின் முன்னே குவியும். ஆராதனை முடிந்த கையோடு எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் கூறுவது தயாநிதி. அவன் கூறினால் எச்சில் கையால் காகம் துரத்தாதவனும் கை தூக்குவான் என்பார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டை சுவிற்சர்லாந்துக்கு வந்து, ஆரா நகருக்கு அப்பால் எர்ஸ்பாஹ் என்ற மலைக்கிராமத்தில், விடுதிக்கார லீஹ்டி அம்மாவின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு வாய்மூடிக் கிடந்தது.

எர்ஸ்பாஹ் ஒரு காலத்தில் இரும்புச் சுரங்க ஊர். கூலி கிடைத்ததும் ஆண்கள் நேரே விடுதிக்குப் போய்க் குடித்துத் தீர்ப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெண்கள், விடுதிக்கு நேர் எதிரே, சுரங்கக் கல்லாலேயே ஒரு மெதடிஸ்தச் சிற்றாலயம் கட்டுவித்தார்கள். வேறு இடம் இல்லாமலா? வேண்டுமென்றுதான். குடிக்கப் போகிறவன் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று. அன்று விடுதியை நடத்திய லீஹ்டி அம்மாவின் அப்பாவும் சளைத்தவரல்ல. "அங்கே போகிறவன் இந்தப் படி மிதிக்கக் கூடாது" என்றுவிட்டார். அன்றிலிருந்து கோயிலும் விடுதியும் கீரியும் பாம்பும்தான். பிறகு சுரங்கத்தை மூடினார்கள், சனம் பிழைப்புத் தேடிப் போய்விட்டது. கோயிலில் மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய கிழங்கட்டைகள். அவர்களுக்குள் கோயில் கதவின் திறப்பு வைத்திருந்தவர் பழைய சுரங்கத் தொழிலாளி அக்லின்.

முதல் ஞாயிறு தயாநிதி சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே போனான். அக்லின் சப்பாத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு கம்பளித் துண்டு விரித்துக் கிடந்தது. பாட்டு தொடங்கியபோதுதான் உண்மையான கூத்து. மெட்டு அவன் சின்ன வயதிலிருந்து பாடிய மெட்டு! அவர்கள் ஜெர்மனில் முனக, அவன் தமிழில் எடுத்து விட்டான். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுப் பாடினான், அழுகையும் சிரிப்புமாக வீடு வந்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அக்லின் விஷயத்தைச் சொன்னார். அறுவடைத் திருநாளன்று சபையின் மாவட்டக் கண்காணிப்பாளர் வருகிறார், அதுதான் கடைசி ஆராதனை, கட்டடத்தை விற்கப்போகிறார்கள்.

தயாநிதிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. உடனே ஆராவில் இருந்த ஊர்ச் சிநேகிதன் மகேஸ்வரனுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், கோயிலைப் பூட்டப் போறாங்களாம். பிறகு நான் எங்கை போய்ப் பாடுறது? ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வா. நிரப்பிக் காட்டுவம்."

"நான் பிள்ளையாரைக் கும்பிடுறவன். எனக்கென்ன அங்கை வேலை?"

"ஏலம் இருக்கு."

"அப்ப வாறன்."

லீஹ்டி அம்மாவையும் அவன் விடவில்லை. கோப்பை துடைத்தபடியே அரைகுறை ஜெர்மனில் கேட்டான்.

"பிறந்ததிலிருந்து அந்த வாசலைப் பார்க்கிறேன். உள்ளே போனதில்லை. போகவும் மாட்டேன்" என்றார் அவர்.

"பூட்டினால் பிறகு போக நினைத்தாலும் முடியாது, அம்மா."

அவர் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் சப்பாத்துகள் தெருவரைக்கும் கிடந்தன. பிள்ளையார் பக்தர்களும் மடு மாதா பக்தர்களும் வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இதென்ன புதினம் என்று பார்க்க வந்த ஊர்க்காரர்களுக்குச் சுவரோடு நிற்கத்தான் இடம். முன்வாங்கில் கண்காணிப்பாளரும் நெருக்குப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் தயாநிதி யாரையும் கேட்காமல் எழும்பிப் பீடத்தண்டை போனான். ஏலம் இல்லாத அறுவடைத் திருநாளை அவன் கண்டதில்லை. இங்கே அந்தக் காய்கனியெல்லாம் சத்தமில்லாமல் முதியோர் இல்லத்துக்குப் போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பூசணிக்காயைத் தூக்கிக் கூறத் தொடங்கிவிட்டான். வெள்ளைக்காரர் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு கை தூக்கினார்கள். மகேஸ்வரன் ஒரு கூடை அப்பிளோடு வெற்றிவீரனாக உட்கார்ந்தான்.

பூசணிகளுக்கு நடுவே, அவன் இதுவரை கவனிக்காத, கண்ணாடிக் கூண்டுள்ள ஒரு பித்தளை விளக்கு இருந்தது. நல்ல காணிக்கைதான் என்று தயாநிதி அதையும் தூக்கினான்.

அக்லின் பதறி எழுந்து, நிறுத்து என்று கையை உயர்த்தினார்.

"அக்லின் ஐயா கேட்டிட்டார்!" என்று கூவினான் தயாநிதி. "வேறை ஆர்?"

கதவோரம் இன்னொரு கை உயர்ந்தது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் லீஹ்டி அம்மா நின்றுகொண்டிருந்தார். விடுதிக்காரியின் கையைக் கண்டதும் அக்லினுக்குப் பழைய ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை உண்மையாகவே கேட்டார். அம்மா விலையைக் கூட்டினார். அக்லினும் கூட்டினார். தயாநிதி விடுவானா?

"ஒருதரம்… ரண்டுதரம்… மூண்டுதரம்."

விளக்கு லீஹ்டி அம்மாவுக்குப் போனது.

அக்லின் தளர்ந்துபோய் அவன் காதருகே சொன்னார். அது காணிக்கையல்ல. சுரங்கம் இடிந்து செத்த கார்லுடைய விளக்கு. கார்ல், லீஹ்டி அம்மாவின் அண்ணன். கோயிலுக்கு வந்ததற்காக அப்பா அவனை வீட்டைவிட்டுத் துரத்த, அவன் சுரங்க வேலைக்குப் போனான். செத்தபின் விளக்கு வீட்டுக்குப் போகவில்லை, பீடத்துக்கு வந்தது. தங்கை அதை ஒருநாளும் தொட்டதில்லை.

தயாநிதி தலையில் கைவைத்தான். "கடவுளே, நான் என்ன வேலை பாத்திட்டன்."

லீஹ்டி அம்மா விளக்கை வாங்கி, முந்தானைபோல இருந்த தன் கழுத்துத் துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். நெஞ்சோடு கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு பீடத்தில், இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுக் கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

"இது இப்போது என்னுடையது. இங்கேதான் இருக்கும். ஞாயிறுதோறும் வந்து பார்ப்பேன். கதவைப் பூட்டுவதானால் என்னைக் கேட்டுவிட்டுப் பூட்டுங்கள்."

கண்காணிப்பாளர் நிறைந்திருந்த வாங்குகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த அறுவடைத் திருநாளுக்கு வருகிறேன்" என்றார்.

வந்தார். அந்த ஆண்டு அக்லினே விளக்கைத் துடைத்துத் தயாநிதியின் கையில் கொடுத்து, முதலில் இதைக் கூறு என்றார். லீஹ்டி அம்மா கை தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. "ஒருதரம், ரண்டுதரம்" என்று வெள்ளைக்காரரும் சேர்ந்து தமிழில் கூவ, அக்லின் தம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.