அண்ணனின் அடக்கத்தை டிவியில் பார்த்த மதியம்

அண்ணன் வளைகுடாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தூக்கத்திலேயே மாரடைப்பு. உடலைக் கொண்டுவர வழி கிடைக்காமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போனில் செய்தி மட்டும் வந்தது. அதனால் அம்மா நம்பவில்லை.

"மூஞ்சியப் பாக்காம எப்டிமா நம்புறது?" என்பாள். நினைவு ஜெபம் வைக்கலாமா என்று கேட்டு வந்த பாஸ்டரையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சில மாதம் கழித்து, அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் லீவில் வந்தார். அடக்கத்தைத் தன் கேமராவில் எடுத்திருந்தார். அதை என் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அம்மாவின் கண்ணில் புரை. லேப்டாப் திரையில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. "டிவில போடுமா. பெருசா தெரியும்ல" என்றாள்.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தே, அவரு சிரிச்சிக்கினு போனதுதான் என் கண்ணுல இருக்குது. அது போதும் எனக்கு. கொழந்தை இருக்கிற வூட்ல இதெல்லாம் வேணாம்."

"என் புள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

இருவருக்கும் நடுவில் நான். கடைசியில் அம்மா பக்கம் சாய்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இரண்டு ஒயர் வாங்கினேன். ஒன்று படத்துக்கு, ஒன்று சத்தத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செவிலிமேட்டில் அப்போது நாங்கள் குடியிருந்த வீடு புதிது, சின்னது. கதவு சாத்தினாலும் எல்லாம் கேட்கும்.

படத்துக்கான ஒயரை டிவியின் மஞ்சள் ஓட்டையில் சொருகினேன். லேப்டாப் திரை டிவியில் வந்தது. வீடியோ ஓடவேண்டிய இடம் மட்டும் கறுப்புக் கட்டமாக நின்றது. அம்மா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செட்டிங்கில் எதை எதையோ மாற்றியபிறகு படம் ஓடியது. கலர் மட்டும் வரவில்லை. மணல், வரிசையாக நின்ற ஆண்கள், திறந்திருந்த பெட்டி, எல்லாமே கறுப்பு வெள்ளை.

"சத்தம் வர்லியே" என்றாள் அம்மா.

இரண்டாவது ஒயரைச் சொருகினேன். டிவியில் வால்யூம் ஏற்றி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். காற்றின் இரைச்சலும் ஜெபமும் வீட்டையே அதிரவைத்தன. அதற்கு மேலாகக் கேமரா பிடித்திருந்தவரின் அழுகை: "உன் பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்!"

பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். சமையலறைக்குள் பாத்திரம் ஒன்று விழுந்தது.

பெட்டிக்குள் அண்ணனின் முகம் வந்தது. வீங்கியிருந்தது. நான் படத்தை நிறுத்திவைத்தேன். அம்மா எழுந்து போய் டிவி கண்ணாடியில் முகத்தை ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தாள்.

"இவன் இல்லமா. என் புள்ள இல்ல." பிறகு திரும்பி, "சட்டை என்னா கலரு? சொல்லு" என்றாள்.

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அதில் கலர் இருந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. அண்ணி நேராக லேப்டாப் பக்கம் வந்து குனிந்தாள். பட்டுக் கடையில் நாளெல்லாம் புடவை எடுத்துப் போடுகிறவள் அவள்.

"கத்திரிப்பூ கலரு அத்தே. போன தபா ஊருக்கு வந்தப்போ நீங்க எடுத்துக் குடுத்ததுதான்."

அம்மா அப்படியே தரையில் சரிந்தாள். அத்தனை மாதமும் அடக்கிவைத்திருந்த அழுகை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அண்ணி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணி அழவில்லை. என்னைப் பார்த்து, "இப்போ திருப்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஜெபம் வைக்க அம்மா சம்மதித்தாள். ஜெபம் முடிந்ததும் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தென்னேரிக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போனாள். பொங்கலுக்குப் பிறகுதான் திரும்பி வந்தாள். அம்மாவிடம் வழக்கம்போலப் பேசினாள். என்னிடம் பேச இன்னும் வெகுநாள் ஆனது.